தேநீர்ச் சாடியின் சரித்திரம்

தேநீர் அருந்தாத வீடு இந்நாட்டிலே இல்லை எனலாம். ஆயினும் தேநீரை ஊறவைக்கும் சாடிக்கும் அதனை ஏந்தும் கோப்பைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை நம்மிற் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. நல்ல தேநீர் தயாரிப்பது எவ்வாறு என்று எடுத்துரைப்போர் சில விதிகளைக் கூறுவர். சாடியை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்க வேண்டும். அப்பொழுதே கொதித்த நீரை ஊற்ற வேண்டும். முழு இலையாயின் அது விரிவதற்கு இடம் விட வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை மூடிவைத்துப் பின்னரே வடிக்க வேண்டும். இவ்விதிகள் யாவும் சரியானவையே. நானும் இவற்றைக் கைக்கொள்பவன்தான். ஆனால் இவ்வாறு ஆறஅமர இருந்து தேநீர் ஊறவைக்கும் ஓய்வு யாருக்கு இருந்தது, சாடிக்குள் விரியக்கூடிய இலை யாருக்குக் கிடைத்தது என்ற வினாக்களை அவ்விதிகள் எழுப்புவதில்லை.

சாடி ஆதியிலிருந்தே இருந்த பொருளன்று. சீனத்திலே 8ஆம் நூற்றாண்டில் தேயிலையைப் பற்றி முதல் நூலை இயற்றிய லூ யூ, தேநீருக்கு வேண்டிய கருவிகளாக இருபதுக்கு மேற்பட்டவற்றை விவரிக்கின்றார். அவற்றுள் தேநீர்ச் சாடி இல்லை. அக்காலத்துத் தேயிலை, அவித்து இடித்து அச்சிலிட்டு உலர்த்திய கட்டியாகும். அதனை நெருப்பில் வாட்டி, அரைத்துத் தூளாக்கி, உப்பிட்டுக் கொதிக்கும் நீரிலே காய்ச்சினர். பின்வந்த சொங் அரசர் காலத்தில் தூளைக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கிற் கருவியால் அடித்து நுரைக்கச் செய்தனர். வெண்ணுரை எடுப்பாகத் தோன்றுவதற்காகவே பூகியன் மாகாணத்தின் கரிய கிண்ணங்கள் விரும்பப்பட்டன. தடித்த சுவரையுடைய அவை சூட்டையும் காத்தன.

இடையில் ஒரு செய்தி. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள அல்லைப்பிட்டியிலே சொங் காலத்துச் சீனப் பாண்டங்களின் சிதைவுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கப்பல்வழி வந்த வணிகச் சரக்கு அது. சீனக் கிண்ணம் நம் கரைக்கு வந்து ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே சீனச் செடி இத்தீவின் மலைகளில் தோட்டப்பயிராயிற்று.

கட்டித் தேயிலையின் பெருமை அரண்மனையைச் சார்ந்தது. அதன் சுமையோ குடியானவர்மேல் விழுந்தது. சொங் அரசருக்குத் திறையாகச் செல்லும் தேயிலை பூகியனிலுள்ள பெய்யுவான் தோட்டங்களிலே செய்யப்பட்டது. அங்கு விடியுமுன் பறையடித்துப் பறிப்போரை மலையிலே கூட்டுவார்கள். விரலின் வெப்பமும் வியர்வையும் கொழுந்திற் படாதவாறு நகத்தாற் கிள்ளுதல் வேண்டும். கிள்ளிய கொழுந்தை அவித்து, பிழிந்து, நீர்விட்டுத் திரும்பத்திரும்ப அரைத்து, அரச நாகம் பொறித்த அச்சுக்களில் அழுத்துவர். இதனை வாசிக்கும் மலையக வாசகர் எவருக்கும் தப்பு முழங்கிய விடியற்காலையும் பெரட்டுக்களமும் நினைவுக்கு வராமற் போகா.

இக்கட்டித் திறையை 1391இல் மிங் வமிசத்தின் முதற் பேரரசனான சூ யுவான்சாங் நிறுத்தினான். கட்டிசெய்தல் மக்களின் உழைப்பைப் பெரிதும் வருத்துகின்றது என்பதே அவன் காட்டிய காரணம். இனி உதிரி இலையாகவே அனுப்புக என ஆணையிட்டான். இவன் ஏழைக் குடியானவர் வீட்டிலே பிறந்தவன். பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரை இழந்து பிச்சையேற்றுத் திரிந்தவன். இதைக்கொண்டு அவனை மக்கள் நேயனாகச் சித்திரிக்க நான் முற்படவில்லை. பல்லாயிரம் பேரைக் கொன்றொழித்த கொடிய அரசன் அவன். திறையும் ஒழியவில்லை, அதன் வடிவமே மாறியது. எனினும், வருந்தும் உழைப்பைக் காரணமாகக் கூறி ஓர் அரசன் தேநீரின் முறையையே மாற்றிய நிகழ்ச்சி சரித்திரத்தில் அரிதானது.

அதன் விளைவாகத்தான் சாடி தோன்றிற்று. உதிரி இலைக்கு அரைக்கும் கருவியோ அடிக்கும் கருவியோ வேண்டுவதில்லை. இலையையும் வெந்நீரையும் சேர்த்துவைத்து, இலையைத் தடுத்து நீரை மட்டும் வெளிவிடும் ஒரு பாத்திரமே போதுமானது. 16ஆம் நூற்றாண்டளவில் யிசிங் என்னும் ஊரின் ஊதாநிற மண்ணாற் செய்த சிறு சாடிகள் புகழ்பெறலாயின. அவற்றை முதலில் வனைந்தவன் குங் சுன் என்று மரபு கூறும். அவன் ஒரு கல்விமானின் பணியாள். எசமான் ஆலயத்திலிருந்து படிக்கையில், அங்கிருந்த துறவி மண் பிசைவதைப் பார்த்துப் பழகியவனாம். எசமானின் கல்வியை இன்று அதிகம் பேர் அறியார்.

யிசிங் சாடிக்கு மெருகுப்பூச்சு இல்லை. நுண்துளைகளையுடைய அதன் சுவர் தேநீரின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அதனைச் சவர்க்காரமிட்டுக் கழுவலாகாது. வெந்நீரால் அலசி, மூடியை நீக்கி, கவிழ்த்து உலரவிடுதலே முறை. ஒரு சாடிக்கு ஒருவகைத் தேயிலை என்று ஒதுக்கிவைப்போரும் உளர். மெருகிட்ட பீங்கானுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அதிற் படியும் கறையை அப்பச்சோடாவால் தேய்த்தாற் போகும். இரும்பு தெரியும்படி எனாமல் உரிந்த கேத்தலை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கிவிடும்.

ஐரோப்பாவின் கதையைச் சுருங்கக் கூறலாம். 17ஆம் நூற்றாண்டில் தேயிலையோடு சாடியும் ஒல்லாந்தக் கப்பல்களில் ஏறிற்று. ஈரம் படாத பாரமான பீங்கானைக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை வைத்தனர். சக்சனி மன்னன், பொட்கர் என்ற இளைஞனைப் பொன் செய்து தருமாறு சிறைவைத்தான். அவன் பொன்னைச் செய்யவில்லை. யிசிங்கைப் போன்ற செம்பாண்டத்தையும் பின்னர் வெண்பீங்கானையும் செய்தான். 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. இங்கிலாந்திலே வெட்ஜ்வூட் மத்தியதர வகுப்பாரும் வாங்கக்கூடிய பாண்டங்களைப் பெருந்தொகையாக உற்பத்திசெய்தார். அக்கோப்பைகளில் விழுந்த சீனியோ மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விளைத்தது. விலங்கிட்ட அடிமையின் உருவம் பொறித்த பதக்கத்தை 1787இல் வெளியிட்டவரும் அதே வெட்ஜ்வூட்தான் என்பது அந்த வகுப்பின் மனச்சாட்சி எவ்வாறு பிளவுபட்டிருந்தது என்பதைக் காட்டும்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தின் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். முதலில் அவருடைய பங்களாவே தொழிற்சாலை. விறாந்தை மேசைகளிலே தொழிலாளர் மணிக்கட்டு முதல் முழங்கை வரையிலான கையால் கொழுந்தை உருட்டினர்; மண் அடுப்புகளில், கரிநெருப்பின்மேல், கம்பித்தட்டுகளில் அதனை உலர்த்தினர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையே மலைநாட்டின் முதன்மைப் பயிராயிற்று. கை உருட்டிய இடத்தை இயந்திரம் பிடித்தது. சல்லடைகள் இலையைத் தரம் பிரித்தன: நீண்ட இலை, முறிந்த இலை, நொறுங்கல், தூள்.

தூள் என்பது கழிவு என்று கருதுதல் தவறு. அதுவும் அதே கொழுந்திலிருந்து வருவதே. விரைவிற் சாயம் இறங்கும். சிறிதளவே பல கோப்பைகளுக்குப் போதும். அக்காரணத்தாலேயே அது ஏழைகளின் தேயிலையாயிற்று. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதனைக் கிள்ளும் பெண் இருளோடு எழுந்து, விறகடுப்பை மூட்டி, கேத்தலில் ஒரு சிட்டிகைத் தூளையிட்டு, வீட்டார் அனைவருக்கும் சாயம் ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகவேண்டும். தேயிலையைச் சுவைத்துத் தரம் காண்போருக்கு 1980இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமம், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட நேரம் என்கிறது. அந்த ஆறு நிமிடம் லயன் அறையின் காலைப்பொழுதில் எங்கே இருக்கிறது? அவளுடைய பாட்டனாரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003இலேதான் சட்டத்தின்மூலம் அது கிடைத்தது. அவ்வளவு காலமும் அவர்கள் கிள்ளிய இலை, இலங்கைத் தேயிலை என்ற பெயரோடு, எவ்விதத் தடையுமின்றி உலகெங்கும் சென்றது.

யாழ்ப்பாணத்தவனாகிய நான் மலையகத்தைச் சுட்டிக்காட்டியதோடு நிறுத்திக்கொள்ளுதல் நேர்மையாகாது. எம்மூர்த் தேநீர்க்கடைகளிலே பாத்திரமே சாதியின் அடையாளமாக இருந்தது. உயர்சாதியார் எனப்பட்டோர் உள்ளே அமர்ந்து மூக்குப்பேணியிலோ கிளாசிலோ குடித்தனர். ஒடுக்கப்பட்ட மக்களோ வெளியே நின்று, போத்தலிலோ தகரப்பேணியிலோ வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் போத்தல் மறையவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்கு உள்ளாயிற்று. அதனைத் தொடர்ந்து சங்கானை முதலிய இடங்களிலே தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடைபெற்றன. அடி வாங்கியோர் உளர். உயிர் கொடுத்தோரும் உளர். எல்லோருக்கும் உரிய கிளாசில் ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதற்காக நடந்த போராட்டம் அது. தேநீர்ப் பாத்திரங்களின் சரித்திரத்தை எழுதுவோர் மைசனுக்கு அளிக்கும் இடத்தில் ஒரு பகுதியையாவது அந்தப் போத்தலுக்கும் அளித்தல் வேண்டும்.

நான் இப்பொழுது கற்பிப்பது மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில். சென்ற தவணையிலே கொழும்பிலிருந்து நீண்ட இலைத் தேயிலைப் பொதி ஒன்றை வாங்கிவந்தேன். அதன் விலை கொழுந்து பறிப்பவரின் ஒருநாட் சம்பளத்திலும் அதிகம். உயர்தர வகுப்பு மாணவருக்குக் கண்ணாடிச் சாடியில் அதனை ஊறவைத்துக் காட்டினேன். இலைகள் மெல்லச் சுருள் நீங்கி விரிந்தன. முன்வரிசையிலிருந்த ஒரு மாணவி நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாயார் அயலிலுள்ள தோட்டத்திலே இருபது ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர்.

“எங்க வீட்டுக்குத் தூள்தான் சேர் வரும். கொழுந்து தண்ணியில இப்படி விரியிறத நான் பாத்ததே இல்ல” என்றாள்.

தேநீரைக் குடித்து முடித்தபின் சாடியைக் கழுவ அவளே முன்வந்தாள். அடியிற் கிடந்த இலைகளிலே முறியாத மூன்று நான்கைத் தெரிந்தெடுத்து, கொப்பித்தாள் ஒன்றின்மேல் விரித்து ஈரத்தை ஒற்றி மடித்துக்கொண்டாள். எதற்கென்று கேட்டேன். அம்மாவுக்குக் காட்டுவதற்கு என்றாள்.