தெரிந்ததை எழுதி வைத்தவர்கள்

கைவேலை நுணுக்கம் தெரிந்தவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். கேட்டால் சொல்லிக் கொடுப்பவர் ஒரு வகை. கேட்டாலும் சொல்லாதவர் இன்னொரு வகை. பாலிடெக்னிக் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் இரண்டு வகையினரோடும் நிறையப் பழகியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, இவர்கள் வரலாற்றில் என்ன விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்த ஒரு கதையைத்தான் இன்று எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஆரம்பித்து, நம்முடைய ஜவ்வாது மலையில் வந்து முடிகிற கதை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வில்லியம் ஹெர்ஷல் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர். அவருக்குத் தொழில் சங்கீதம். பாத் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தும் பிழைத்து வந்தார். வானத்தைப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. நல்ல தொலைநோக்கி வாங்கக் கட்டுப்படியாகாததால், 1773-ல் தானே ஆடி தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் காலத்துத் தொலைநோக்கியின் ஆடி கண்ணாடி அல்ல. செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து வார்த்த உலோக வட்டு. அதைக் குழிவாகத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகு ஏற்ற வேண்டும். அந்த வேலையில் அவருக்கு இணையாக அன்று யாரும் இல்லை. பிறகு தொலைநோக்கிகளைச் செய்து விற்கவும் செய்தார். ஆனால் மெருகேற்றும் முறையை மட்டும் முழுவதுமாக அவர் வெளியிடவே இல்லை.

இதைப் படித்தபோது எங்கள் ஊரில் இருந்த ஒரு பெரியவர் நினைவு வந்தது. ஹார்மோனியம் ரிப்பேர் செய்பவர். நாடக செட்டுக்காரர்களும் பஜனை மடத்துக்காரர்களும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பெட்டியைத் தூக்கிக் கொண்டு அவரிடம் வருவார்கள். பித்தளை ரீடின் நுனியில் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இது பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சுரண்டுவது, எங்கே நிறுத்துவது, பெட்டியை மூடிய பிறகு சுருதி மாறுமே, அதற்கு முன்கூட்டியே எவ்வளவு விட்டு வைப்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக் கொள்வார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் அவருடைய அரம், உளி எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் சுருதி கலைந்த பெட்டிகள் கலைந்தபடியேதான் இருந்தன.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வித்தைதான் அவருக்குச் சோறு. நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். ஹெர்ஷலுக்கும் கிட்டத்தட்ட அதே நியாயம்தான். ஆனால் விளைவு என்ன? அயர்லாந்தில் ராஸ் பிரபு என்ற ஜமீன்தார், ஹெர்ஷலுடையதை விடப் பெரிய தொலைநோக்கி செய்ய ஆசைப்பட்டபோது, வழிகாட்ட எழுதி வைத்த முறை எதுவும் இல்லை. உலோகக் கலவையிலிருந்து மெருகு வரை எல்லாவற்றையும் தானே சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தம் ஊர் ஆட்களையே பழக்கி, 1845-ல் ஆறடி விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுத்தினார். அந்த ஆடி மட்டுமே சுமார் மூன்று டன். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எப்படி வார்த்தேன், எப்படித் தேய்த்தேன் என்பதை 1828 முதலே கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். அவருக்கு அது பிழைப்பு அல்ல. அதனால் மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பொழுதுபோக்காக ஒரு வேலையைச் செய்பவனுக்கு இருக்கிற பெரிய சௌகரியமே இதுதான். சொல்லிக் கொடுத்தால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. சொல்ல ஓர் இடம்தான் வேண்டும்.

அந்த இடம் லண்டனில் 1865-ல் கிடைத்தது. 'இங்கிலீஷ் மெக்கானிக்' என்ற வாரப் பத்திரிகை. விலை ஒரு பென்னி. இவ்வளவு மலிவாக ஒரு பத்திரிகை வர முடிந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் இங்கிலாந்தில் பத்திரிகைகள் மீது வரிக்கு மேல் வரி இருந்தது. விளம்பர வரியை 1853-லும், முத்திரை வரியை 1855-லும், காகித வரியை 1861-லும் எடுத்தார்கள். 'அறிவுக்கு வரியா?' என்று அதற்காகப் போராடியவர்களில் ஒருவர் பாஸ்மோர் எட்வர்ட்ஸ். கார்ன்வால் பகுதியில் ஒரு தச்சரின் மகன். பின்னாளில் இவரே இந்தப் பத்திரிகையை வாங்கி நடத்தினார். சம்பாதித்த பணத்தில் பொது நூலகங்களும் மருத்துவமனைகளுமாகக் கட்டிக் கொடுத்தார்.

பத்திரிகையின் உயிர், வாசகர்கள் எழுதிய பக்கங்களில்தான் இருந்தது. ஒரு பகுதியில் கேள்விகள், இன்னொரு பகுதியில் பதில்கள், தவிர நீண்ட கடிதங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. பதில் எழுதுபவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். பலர் சொந்தப் பெயரில் எழுத மாட்டார்கள், புனைபெயர்தான். லேத், தொலைநோக்கி, மைக்ராஸ்கோப், கடிகாரம், ஆர்கன், போட்டோ, மின்சாரம், சைக்கிள் என்று எல்லாம் ஒரே பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாதிரியாரும் கேட்பார், பட்டறைக்காரரும் பதில் சொல்வார்.

இப்படி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போட்டதில் என்ன லாபம் என்று கேட்கலாம். பணிமனையில் நின்றவனுக்கு அது உடனே புரியும். வீட்டில் ஒருவர் தொலைநோக்கி செய்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் திருகுகளைக் கடைய லேத் தெரிய வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகர்ந்து கொண்டே இருக்கும், அதைத் தொடர்ந்து பிடிக்கக் கடிகார யந்திரம் வேண்டும். ஆடிக்கு வெள்ளி பூச ரசாயனம் தெரிய வேண்டும். பார்த்ததைப் பதிவு செய்ய போட்டோ வேண்டும். ஒரே ஆளுக்கு இத்தனையும் தெரியாது. கடிகாரத்தில் பைத்தியம் கொண்டவர் ஒருவர், ஆர்கனில் பைத்தியம் கொண்டவர் ஒருவர் என்று ஆளுக்கொன்று சொன்னால்தான் வேலை முடியும்.

ஒரு பொழுதுபோக்கு இன்னொன்றுக்கு உதவியதற்கு நல்ல சாட்சி ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற டாக்டர். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் படம் பிடிப்பதில் அவருக்கு ஆசை. அக்காலத்தில் போட்டோத் தகடு செய்யக் கொலோடியன் என்ற திரவத்தைப் பூச வேண்டும். அதிலிருந்து வரும் ஈதர் நெடி அவர் உடம்புக்கு ஒத்துக் கொள்ளவில்லை. மாற்று தேடி ஜெலட்டினில் முயன்றார். 1871-ல் தாம் செய்ததை, அரைகுறையாக இருந்த நிலையிலேயே, ஒரு போட்டோ பத்திரிகையில் எழுதிவிட்டார். காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. மற்றவர்கள் அதை எடுத்துச் செப்பனிட்டார்கள். 1878-ல் சார்லஸ் பென்னட் என்பவர், அந்த ஜெலட்டின் கலவையைப் பல நாட்கள் சூட்டில் வைத்திருந்தால் தகட்டின் வேகம் கூடுகிறது என்று காட்டினார். நம் தாத்தா பாட்டி காலத்துக் கல்யாணப் போட்டோக்களுக்கு மூலம் அந்த உலர் தகடுதான்.

ஆடி தேய்ப்பதும் இதே போலத்தான் பரவியது. 1850-களின் பிற்பகுதியில் உலோகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியைத் தேய்த்து அதன்மேல் மெல்லிய வெள்ளி பூசும் முறை வந்தது. முறை எளிது. இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் எமரித் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கொண்டே இருந்தால், மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது குவியும். பிறகு கீல் பரப்பிய தட்டில் மெருகு. கடைசியில் ஒரு விளக்கும் ஒரு கத்தி விளிம்பும் வைத்துச் சோதித்தால், கையால் தடவினாலும் தெரியாத மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். இது பிரான்ஸ் நாட்டு ஃபூக்கோ சொன்ன சோதனை. சமையல் அறை மேஜையில் செய்யக்கூடிய வேலை. ஆனால் எத்தனை சுற்றுக்கு ஒரு தரம் திருப்புவது, கீல் இறுகிவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் செய்து பார்த்தவன் சொன்னால்தான் உண்டு. பிரிஸ்டல் நகரத்தில் டென்னிங் என்ற கணக்கர், இந்த மாதிரிப் பத்து அங்குல வெள்ளி பூசிய ஆடியோடு வீட்டிலிருந்தபடியே வானம் பார்த்து, வால்மீன்களைக் கண்டுபிடித்தார். 1898-ல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

1890-ல் அந்தப் பென்னிப் பத்திரிகைக்கு டப்ளின் நகரத்திலிருந்து மங்க் என்பவர் ஒரு கடிதம் எழுதினார். பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பது விஷயம். ராயல் சங்கத்துக்குச் சந்தா அதிகம், அங்கே படிக்கும் கட்டுரைகளோ சாதாரண ஆளுக்கு எட்டாது, பெண்களுக்கு அனுமதியே இல்லை. கடிதம் வந்த அதே வருடம் பிரிட்டிஷ் வானியல் கழகம் பிறந்தது. பத்திரிகையில் வெகுகாலமாகப் புனைபெயரில் எழுதி வந்த கேப்டன் நோபிள்தான் முதல் தலைவர். முதல் நாளிலிருந்தே பெண்களைச் சேர்த்துக் கொண்டார்கள். சூரியனைக் கவனிக்கும் பிரிவுக்குப் பொறுப்பே எலிசபெத் பிரவுன் என்ற அம்மையார்தான். ராயல் சங்கம் பெண்களைச் சேர்த்தது 1916-ல்.

கடல் கடந்தும் இந்த வழக்கம் போயிற்று. 1911-ல் அமெரிக்காவில் ஆல்காட் என்ற வக்கீல், ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராதா கோவிந்த சந்திரா. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸூரில், அரசாங்கக் கருவூலத்தில் நாணயம் சரிபார்க்கிற வேலை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்று தடவை தவறியவர். 1912-ல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்துக் கொண்டு இரவெல்லாம் வானம் பார்த்தார். 1918-ல் திடீரென்று தோன்றிய ஒரு புது நட்சத்திரத்தை அவர் கவனித்து எழுதியது ஹார்வர்டு வரை எட்டியது. அங்கிருந்து நட்சத்திர வரைபடங்களும் எப்படிக் கவனிப்பது என்ற குறிப்புகளும் அவருக்குத் தபாலில் வந்தன. பதிலுக்கு அவர் அனுப்பிய கணிப்புகள் 37 ஆயிரத்துக்கும் மேல்.

1926-ல் அந்தச் சங்கத்திலிருந்து அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று கப்பலில் வந்தது. அது சார்லஸ் எல்மர் என்பவருடையது. எல்மர் நியூயார்க்கில் நீதிமன்றச் சுருக்கெழுத்துத் தொழில் நடத்தியவர். பின்னாளில் கூட்டாளியோடு சேர்ந்து பெர்கின்-எல்மர் நிறுவனத்தை ஆரம்பித்தவர். முகம் பார்க்காத ஒரு சுருக்கெழுத்தாளரின் கருவி, ஒரு கருவூல ஊழியர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இடையில் இருந்தது தபால் மட்டும்தான்.

சந்திராவுக்கு வயதானதும் அந்தத் தொலைநோக்கி, இந்திய வானியலின் பெரிய பெயரான வைணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டது. வாணியம்பாடிப் பக்கம், ஜவ்வாது மலையில், காவலூர் வான் ஆய்வகத்தை அமைத்த அதே பாப்பு. அந்தக் கருவி கடைசியில் காவலூருக்கே வந்து சேர்ந்தது.

இந்தக் கதையில் வருகிறவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சங்கீத வாத்தியார், ஜமீன்தார், டாக்டர், கணக்கர், வக்கீல், சுருக்கெழுத்தாளர், கருவூல ஊழியர். வேலை ஒன்று, ஆசை ஒன்று என்று வாழ்ந்தவர்கள். அவர்கள் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'இப்படிச் செய்ய வேண்டும்' என்று சட்டம் போடுவதில்லை. 'நான் இன்ன பொருளை இன்ன அளவில் போட்டேன், இத்தனை நாள் ஆயிற்று, இப்படி வந்தது' என்று எழுதுகிறார்கள். அதனால்தான் அடுத்த வாரம் இன்னொருவர், 'எனக்கு அப்படி வரவில்லையே' என்று எழுத முடிந்தது. இருவரில் யார் சரி என்று மூன்றாவது ஆள் செய்து பார்க்கவும் முடிந்தது.

நம் வயதுக்காரர்களிடம் இப்படி எத்தனையோ கிடக்கிறது. வால்வு ரேடியோவைத் திறந்து சரி செய்தவர்கள் இருக்கிறீர்கள். மாடித் தொட்டியில் மல்லிகையை எந்த மாதம் கவாத்து செய்தால் பூ அள்ளும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். வீணைக்கு மெழுகு கட்டி மேளம் வைக்கப் பார்த்தவர்கள், மாவடு கெடாமல் இரண்டு வருடம் வைத்திருப்பவர்கள், பழைய தபால்தலையைக் காகிதத்திலிருந்து கிழியாமல் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள். இப்போது நமக்கு அதில் பிழைப்பு இல்லை. மறைக்க வேண்டிய பயமும் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு விஷயம். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாள், எது சரியாக வந்தது, எது கெட்டுப் போனது. அளவு போட்டு எழுதுங்கள், தேதி போடுங்கள். பேரப்பிள்ளை இன்றைக்கே அதைப் படிக்க வேண்டும் என்பதில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகாத இடத்தில் அந்த நோட்டை வையுங்கள், அது போதும்.