விக்டர் ஷோஸ்ட்ரோம்: பெர்க்மனின் குரு

சுவீடன் நாட்டு சினிமா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பெயர் இங்மர் பெர்க்மன். அந்தப் பெர்க்மனே ஒருவரைக் குருவாக நினைத்திருந்தார். அவர் எடுத்த ஒரு படத்தை ஆண்டுதோறும் தவறாமல் பார்ப்பாராம். கடைசியில் அவரையே தன் படத்தில் நாயகனாக நடிக்கவும் வைத்தார்.

அவர்தான் விக்டர் ஷோஸ்ட்ரோம். மௌனப் படக் காலத்தில் உலகின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர். ஆனால் இன்று பலருக்கு அவர் 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்' படத்தில் வரும் தாத்தா, அவ்வளவுதான். அந்தத் தாத்தாவுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

தாயை இழந்த பிள்ளை

ஷோஸ்ட்ரோம் 1879 செப்டம்பர் 20 அன்று சுவீடனின் வெர்ம்லாந்து பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்தார்கள். அவருக்கு 7 வயதாகும்போது தாய் இறந்துவிட்டார். பிறகு சுவீடனுக்கே திரும்பி, உறவினர்களிடம் வளர்ந்தார். பதின்வயதிலேயே நாடகத்துக்குப் போய்விட்டார்.

1912ல் சுவென்ஸ்கா பியோ என்ற படக் கம்பெனியின் தலைவர் சார்லஸ் மாக்னுசன், நாடகத்திலிருந்து இரண்டு பேரை சினிமாவுக்கு அழைத்து வந்தார். ஒருவர் மௌரிட்ஸ் ஸ்டில்லர். இன்னொருவர் ஷோஸ்ட்ரோம். சுவீடன் சினிமாவின் பொற்காலம் இந்த இருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் ஷோஸ்ட்ரோம் இயக்கிய முதல் படமான 'தோட்டக்காரன்' தணிக்கையில் தடை செய்யப்பட்டது!

ஊரைப் பேச வைத்த படம்

அடுத்த ஆண்டே, 1913ல், 'இங்கெபோர்க் ஹோல்ம்' வந்தது. கதை இதுதான். கடை வைத்திருக்கும் கணவன் இறந்துவிடுகிறான். கடை நொடித்துப் போகிறது. மூன்று குழந்தைகளோடு நிற்கும் விதவை இங்கெபோர்க் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்படுகிறாள். குழந்தைகளை அவளிடமிருந்து பிரித்து, வேறு குடும்பங்களில் வளர்க்க விட்டுவிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து விடுதியிலிருந்து தப்பி ஓடிப் பார்க்கிறாள். கடைசிக் குழந்தைக்கோ அம்மாவை அடையாளமே தெரியவில்லை. அவளுக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது. ஒரு மரக்கட்டையைக் குழந்தையாக நினைத்துத் தாலாட்டுகிறாள்.

இது வெறும் கற்பனை அல்ல. அப்போதைய சுவீடனில் ஆதரவற்ற குழந்தைகளை ஏலம் விடும் வழக்கமே இருந்தது. யார் குறைந்த தொகை கேட்கிறார்களோ, அவர்களிடம் பிள்ளை ஒப்படைக்கப்படும்! படம் வெளிவந்ததும் பத்திரிகைகளில் பெரிய விவாதம் எழுந்தது. 1918ல் வந்த புதிய ஏழைகள் நிவாரணச் சட்டம் இந்த ஏல முறையை ஒழித்தது. ஒரே ஒரு படத்தால் சட்டம் மாறியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் சட்டத்துக்கு முன்பே மக்கள் மனதைத் தொட்டது அந்தப் படம். சிறுவயதிலேயே தாயைப் பறிகொடுத்த ஒருவர் எடுத்த படம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கடலும் மலையும்

1917ல் இப்சன் எழுதிய நெடுங்கவிதையை 'தெர்யே வீகன்' என்ற படமாக்கினார். நாயகனும் அவரே. ஆங்கிலேயக் கப்பற்படை நார்வே கரையை முற்றுகையிட்டிருந்த காலம். பட்டினியில் வாடும் மனைவிக்கும் மகளுக்கும் தானியம் கொண்டுவரப் படகில் போகும் மீனவன் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தால் இருவரும் உயிரோடு இல்லை. பின்னர் அவனைப் பிடித்த அதே கேப்டனின் குடும்பம் புயலில் அவன் கையில் சிக்குகிறது. பழிவாங்குவதா, மன்னிப்பதா?

1918ல் 'சட்டத்துக்குப் புறம்பானவனும் அவன் மனைவியும்' என்ற படம் வந்தது. ஐஸ்லாந்தில் நடக்கும் கதை. அதற்காக சுவீடனின் வடகோடியில் இருக்கும் மலைகளுக்கே போய்ப் படம் பிடித்தார். செட்டுக்குள் அடைந்து கிடந்த சினிமாவைக் காற்றுக்கும் பனிக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது இவருடைய பெரிய சாதனை. இவர் படங்களில் இயற்கை வெறும் பின்னணி அல்ல, அதுவும் ஒரு பாத்திரம்.

மரணத்தின் வண்டி

1921 புத்தாண்டு தினத்தன்று வெளியானது 'தி ஃபேன்டம் கேரேஜ்'. இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி செல்மா லாகர்லாஃபின் கதை. ஆண்டின் கடைசி இரவில், நள்ளிரவு மணி அடிக்கும் நேரத்தில் இறப்பவன், அடுத்த ஓராண்டுக்கு மரணத்தின் வண்டியை ஓட்டி உயிர்களைச் சேகரிக்க வேண்டும். குடிகாரன் டேவிட் ஹோல்ம் அப்படி மாட்டிக்கொள்கிறான். தான் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹோல்மாக நடித்தவரும் ஷோஸ்ட்ரோம்தான்.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற சொல்லே இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் யூலியஸ் யான்சோன் ஒரே பிலிமைத் திரும்பத் திரும்பக் கேமராவில் ஓட்டி, ஒரு காட்சிமேல் இன்னொன்றைப் பதித்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் வண்டி கடல் அலைமேல் உருண்டு போகும் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கும். பெர்க்மன் ஆண்டுதோறும் பார்த்த படம் இதுதான்.

ஹாலிவுட் பயணம்

1923ல் ஹாலிவுட் அழைத்தது. பெயரை அமெரிக்கர்கள் வாய்க்கு ஏற்றபடி 'சீஸ்ட்ரோம்' என்று மாற்றினார்கள். எம்.ஜி.எம். கம்பெனி உருவானதும் தயாரித்த முதல் படமான 'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு' (1924) இவர் இயக்கியது.

பிறகு லில்லியன் கிஷ் நடித்த 'தி விண்ட்' (1928). மணற்காற்று ஓயாத ஊருக்கு வந்து சேரும் ஒரு பெண் மெல்ல மெல்ல நிலைகுலைவதுதான் கதை. மொஹாவி பாலைவனத்தின் கொடும் வெயிலில், விமானத்தின் சுழலிகளை ஓடவிட்டு மணலை வாரி இறைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் பேச்சே கிடையாது. ஆனால் பார்ப்பவர் காதில் காற்று ஊளையிடும்! பரிதாபம் என்னவென்றால், படம் வெளிவந்த நேரத்தில் பேசும் படங்கள் வந்துவிட்டன. மௌனப் படத்தைப் பார்க்க ஆளில்லை. படம் தோற்றது.

ஷோஸ்ட்ரோம் ஊர் திரும்பினார். 1937க்குப் பிறகு அவர் படமே இயக்கவில்லை. நடிகராக மட்டும் தொடர்ந்தார். 1941ல் ஸ்டாக்ஹோமில் நடந்த தீ விபத்தில் பழைய சுவீடன் படங்களின் நெகடிவ்கள் ஏராளமாக எரிந்துபோயின. அவர் எடுத்த 40க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை.

குருவும் சீடனும்

1943 முதல் 1949 வரை சுவென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரி கம்பெனியில் கலை இயக்குநராக இருந்தார். அங்கேதான் இளம் பெர்க்மன் தன் முதல் படத்தை எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் சண்டை. பெரியவர் அவரைத் தனியே அழைத்துப்போய், காட்சிகளை எளிமையாக எடு, எல்லோரிடமும் மல்லுக்கு நிற்காதே என்று புத்தி சொன்னாராம்.

1957ல் சீடன் குருவிடம் வந்தார். 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்' படத்தில் பேராசிரியர் ஈசாக் போர்க் வேடம். கௌரவம் பெறக் காரில் லுண்ட் நகருக்குப் போகும் கிழவர், வழியெல்லாம் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறார். 77 வயதான ஷோஸ்ட்ரோமுக்கு உடல்நிலை சரியில்லை. வசனம் மறந்துபோகும். மாலை ஐந்து மணி வாக்கில் வீடு திரும்பி விஸ்கியோடு உட்கார வேண்டும், அதுதான் நிபந்தனை!

அந்தப் படத்தின் கனவுக் காட்சியில் ஆளில்லாத சவ வண்டி ஒன்று வரும். சக்கரம் விளக்குக் கம்பத்தில் மோதிக் கழன்று, சவப்பெட்டி கீழே விழும். 36 ஆண்டுகளுக்கு முன் ஷோஸ்ட்ரோம் ஓடவிட்ட மரண வண்டி, அவரைத் தேடி வந்து நின்றதுபோல் இருக்கும். அன்று டேவிட் ஹோல்ம், இன்று ஈசாக் போர்க். இருவருக்கும் ஒரே கேள்விதான்: வாழ்ந்த வாழ்க்கையில் யாரிடம் அன்பாக இருந்தாய்?

படத்தின் கடைசியில் அந்த முதிய முகத்தில் மெதுவாக ஓர் அமைதி பரவும். வசனம் கிடையாது. மௌனப் படக் கலைஞருக்கு அது தேவையும் இல்லையே!

1960 ஜனவரி 3 அன்று ஸ்டாக்ஹோமில் அவர் காலமானார். புத்தாண்டு பிறந்து இரண்டே நாளில்...

அவரை அறிய விரும்புபவர்கள் முதலில் 'தி ஃபேன்டம் கேரேஜ்', பிறகு 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்' என்ற வரிசையில் பாருங்கள். அந்தத் தாத்தாவின் முகம் இன்னும் நன்றாகப் புரியும்.