ஓடியவருக்கு மட்டுமா தடை? ஊக்கமருந்துத் தண்டனையில் பயிற்றுநரின் இடம்

2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைத் தடகளப் போட்டியில், மகளிர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை 11.39 நொடியில் வென்றார் திருச்சி மாவட்டத்துத் தனலட்சுமி சேகர். அவருக்குப் பின்னால் 11.58 நொடியில் வந்தவர் ஒடிசாவின் டூட்டி சந்த். அதே போட்டியில் 200 மீட்டரின் தகுதிச் சுற்றில் தனலட்சுமி 23.26 நொடியில் ஓடி, பி. டி. உஷா 1998இல் வைத்திருந்த போட்டிச் சாதனையையும் முறியடித்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள் இந்த இருவருமே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாட்டியாலா ஓட்டத்தின் மீது யாரும் ஐயம் எழுப்பவில்லை. பின்னர் எடுத்த மாதிரிகளில்தான் மருந்து தெரிந்தது. ஒரே ஓட்டத்தில் முதலிரு இடம் பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்ததைத் தனிமனித ஒழுக்கக் கேடு என்று மட்டும் சொல்லி விளக்கிவிட முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியாது என்பது என் முடிவு. ஆயினும் ஓட்டக்காரரின் பொறுப்பைக் குறைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நெறிமுறையின் அடித்தளம், உடலுக்குள் என்ன போனாலும் அதற்கு விளையாட்டாளரே பொறுப்பு என்னும் விதி. மாதிரியில் தடைசெய்த பொருள் இருந்தாலே குற்றம் நிலைநாட்டப்பட்டதாகும். வேண்டுமென்றே உட்கொண்டாரா என்பது தண்டனையின் அளவுக்கு மட்டும் உரிய கேள்வி. ஸ்டீராய்டு போன்ற பொருளானால் தொடக்கமே நான்கு ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஓட்டக்காரருடையது. மெய்ப்பித்தால் இரண்டாகக் குறையும். 2015க்கு முன்பு பொதுத் தண்டனையே இரண்டு ஆண்டாக இருந்தது.

2022 ஜூனில் அல்மாட்டியில் 200 மீட்டரை 22.89 நொடியில் ஓடிய தனலட்சுமியின் பெயர், அடுத்த மாதமே பர்மிங்ஹாம் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டது. உலகத் தடகள நேர்மைப் பிரிவின் சோதனையில் மெத்தாண்டியனோன் என்னும் ஸ்டீராய்டு தெரிந்தது. தண்டனை மூன்று ஆண்டு. டூட்டி சந்திடம் 2022 டிசம்பரில் புவனேஸ்வரத்தில் இருமுறை மாதிரி எடுத்தார்கள். ஆஸ்டரின், லிகாண்ட்ரால் வகைப் பொருள்கள் தெரிந்தன. அவருக்கு நான்கு ஆண்டு. வலிக்காக பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் சாப்பிட்டேன் என்றார் அவர். வாங்கியதைச் சரிபார்க்கும் கடமை உங்களுடையது என்றது தீர்ப்புக் குழு. சட்டப்படி அது சரியான பதில்தான்.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலுள்ள அந்த ஓராண்டு எங்கிருந்து வந்தது? தனலட்சுமி குற்றத்தை உரிய கெடுவுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றார். அதற்கான சலுகை அது. குற்றச்சாட்டு கிடைத்த இருபது நாளுக்குள் ஒப்புக்கொண்டால் ஓராண்டு குறையும் என்கிறது 2021ஆம் ஆண்டு நெறிமுறை. வழக்கு நீளாது, செலவு மிச்சம் என்பது இதன் நியாயம். ஆனால் இதற்கு யாரும் பேசாத இன்னொரு விளைவும் உண்டு. ஒப்புக்கொண்டவுடன் கோப்பு மூடப்படுகிறது. மருந்து யார் கையிலிருந்து வந்தது, ஊசி போட்டது யார், அட்டவணை வகுத்தது யார் என்று கேட்கும் விசாரணை மேடையே அமையாமல் போகிறது.

பிறரைப் பற்றிய உண்மையைச் சொல்லி விசாரணைக்கு உதவினால் தடைக்காலத்தில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கவும் நெறிமுறையில் வழி உண்டு. கேட்பதற்கு இதுதான் பெரிய சலுகை. நடைமுறையில் நம்மூர் ஓட்டக்காரி இதை நாடுவாளா? அவளை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் கோச். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னவரும் அவரே. தேசியப் பயிற்சி முகாமில் யாரைச் சேர்ப்பது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. தடை முடிந்து திரும்பினாலும் அதே வட்டத்துக்குள்தான் திரும்ப வேண்டும். வாயை மூடிக்கொண்டால் ஓராண்டு குறையும். வாயைத் திறந்தால் வாழ்க்கையே போகலாம். சட்டம் எழுதியவர்கள் கனடாவின் மான்ட்ரியலில் உட்கார்ந்து எழுதினார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான சான்று 2011இல் நடந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் மகளிர் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி ஆகியோரும் ஜவுனா முர்மு, டியானா மேரி தாமஸ், பிரியங்கா பன்வார் ஆகியோரும் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அறுவரும் ஒரே அணி முகாமில் பயின்றவர்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்றுநர் யூரி ஒகரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங் மாத்திரையே காரணம் என்றார்கள். உள்நாட்டுக் குழு ஓராண்டுத் தடை போதும் என்றது. 2012இல் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாக உயர்த்தியது. நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணையும் நடந்தது. இவ்வளவுக்கும் பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: உடனே பதவி நீக்கப்பட்ட அதே பயிற்றுநர் சில ஆண்டுகளில் இந்திய அணிக்கே மீண்டும் அழைக்கப்பட்டார். பிரியங்கா பன்வார் 2016இல் இரண்டாம் முறை சிக்கி எட்டாண்டுத் தடை பெற்றார். அவரது இரண்டாம் குற்றத்துக்கு யாரையும் நான் காரணம் காட்டவில்லை. ஓடியவர்களின் பெயரோடு தடை நிரந்தரமாக ஒட்டிக்கொள்ள, முகாமை நடத்தியவருக்கோ அது வேலையில் விழுந்த ஓர் இடைவெளியாக முடிந்தது என்பதுதான் என் வாதம்.

வேறு நாடுகளில் இப்படியேதான் நடந்ததா? 1988 சியோலில் பென் ஜான்சன் ஸ்டானசோலாலில் சிக்கியபோது கனடா அரசு நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தது. பயிற்றுநர் சார்லி ஃபிரான்சிசும் மருத்துவர் ஜேமி அஸ்டாஃபானும் சத்தியப் பிரமாணம் செய்து, பொதுமக்கள் கேட்க, எல்லாவற்றையும் சொன்னார்கள். அமெரிக்காவின் ஜஸ்டின் காட்லின் 2006இல் தடைபெற்றார். அவருடைய பயிற்றுநர் டிரெவர் கிரகாமுக்கு 2008இல் வாழ்நாள் தடையே கிடைத்தது. காட்லின் 2017இல் லண்டனில் உலகப் பட்டம் வென்றபோது அரங்கம் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தது. மக்களுக்கு மறதி இல்லை. ஆனால் அங்கே பயிற்றுநரின் பெயரும் அதே ஏட்டில் இருக்கிறது.

இவையெல்லாம் உச்சியில் நடப்பவை. இதன் வேர் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத் திருப்பதிக்கு வர வேண்டும். 2019 நவம்பரில் மாவட்டங்களுக்கிடையிலான தேசிய இளையோர் தடகளப் போட்டி அங்கே நடந்தது. பதினான்கு, பதினாறு வயதுக்குட்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நாடெங்கிலுமிருந்து வந்தார்கள். வயதுச் சோதனையில் ஐம்பது பேரளவில் சிக்கினார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் சோதனைக்கே வராமல் நழுவினார்கள். செய்தியில் பேசப்பட்டது பிள்ளைகளின் எண்ணிக்கைதான். பிறப்புச் சான்றைத் திருத்தி வாங்குவது பதினான்கு வயதுப் பிள்ளை செய்யும் காரியமா? பெற்றோரோ, பள்ளியோ, கோச்சோ, மாவட்டச் சங்கமோ செய்தது அது. சித்தூரிலிருந்தோ குப்பத்திலிருந்தோ ஓட வரும் பிள்ளை முதலில் கற்கும் பாடம் இதுவாக இருந்தால், பத்தாண்டு கழித்து ஒரு மாத்திரையை நீட்டும்போது அவள் கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்ப்பதற்கு என்ன அடிப்படை?

இன்னொரு தகவலும் இங்கே பொருந்தும். திருப்பதிப் போட்டி நடந்தபோதும், பாட்டியாலாவில் தனலட்சுமி வென்றபோதும், டெல்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனைக்கூடம் மாதிரிகளை ஆய்வு செய்யும் உரிமையை இழந்திருந்தது. 2019 ஆகஸ்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதை இடைநிறுத்தியது. 2021 டிசம்பரில்தான் அங்கீகாரம் திரும்பியது. அந்த இடைநிறுத்தத்துக்கு முன்பும் நிலை மேலாக இல்லை. நிறுவனத்தின் தாமதம் ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு, திருச்சி மாவட்டத்தின் இன்னொரு மகள் கோமதி மாரிமுத்து சான்று. 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் அவரிடம் மாதிரி எடுத்தார்கள். அதன் முடிவு வருவதற்குள் ஏப்ரலில் அவர் தோஹாவுக்குப் போய் ஆசிய 800 மீட்டர் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. பிறகு நாண்ட்ரோலோன் செய்தி வந்தது. நான்காண்டுத் தடை, பதக்கமும் போயிற்று. முடிவு நேரத்தில் வந்திருந்தால் ஒரு தடை மட்டும் மிஞ்சியிருக்கும்; ஊரறிந்த அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

(சாந்தி சௌந்தரராஜன் 2006இல் பதக்கம் இழந்ததையும் இந்த வரிசையில் சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது பிழை. அது பாலினச் சோதனை விவகாரம். மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

இனி எதிர்வாதம். சுற்றியிருப்பவர்களைக் குறைசொல்ல இடம் கொடுத்தால் ஒவ்வொருவரும் கோச்சைக் காட்டித் தப்பிப்பார்கள், சுத்தமாக ஓடியவர் ஏமாறுவார் என்பர். இதில் உண்மை உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் 7,113 மாதிரிகளில் 260இல் தடைசெய்த பொருள் தெரிந்தது. சீனாவில் ஏறத்தாழ 24,000 மாதிரிகளில் 43 மட்டுமே. இந்த நிலையில் ஓட்டக்காரரின் பொறுப்பைத் தளர்த்துவது அறிவீனம். ஆனால் பயிற்றுநரை விசாரிப்பதற்கு ஓட்டக்காரரை விடுவிக்கத் தேவையே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டாளர்கள் சிக்கினால் அவர்களுக்குத் துணைநின்றவரைத் தானாகவே விசாரிக்க வேண்டும், சிறாரொருவர் சிக்கினாலும் அப்படியே என்பது நெறிமுறை தேசிய அமைப்புகளுக்கு ஏற்கெனவே விதித்த கடமை. 2022இல் நம் நாடாளுமன்றம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தையும் நிறைவேற்றிவிட்டது. புது விதி எதுவும் வேண்டாம். உள்ளதைச் செய்தால் போதும்.

2025இல் இந்தியத் தடகளச் சம்மேளனம் பயிற்றுநர்கள் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல தொடக்கம். அந்தப் பதிவெண்ணை மாவட்டப் போட்டியின் நுழைவுப் படிவத்திலேயே, பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், கட்டாயமாக எழுத வைக்க வேண்டும். பரிசு வாங்கும்போது கோச்சின் பெயரை மேடையில் அறிவிக்கிறோம். தடை அறிவிக்கும் ஆணையிலும் அந்த எண் அச்சாக வேண்டும்.