சென்னை மாகாணத்தில் மேல்முறையீடு

1862க்கு முன் சென்னை மாகாணத்தில் மேல்முறையீட்டுக்கு இரண்டு தனித்தனி வழிகள் இருந்தன. நகர எல்லைக்குள் 1801இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு இங்கிலாந்துச் சட்டப்படி விசாரித்தது. ஜில்லாக்கள் கம்பெனியின் நீதிமன்றங்களுக்கு உட்பட்டவை. அங்கிருந்து சிவில் அப்பீல் சதர் அதாலத்துக்கும், கொடுங்குற்ற வழக்குகள் ஃபவுஜ்தாரி அதாலத்துக்கும் வந்தன. சாட்சிகள் மறுபடி கூண்டேறுவதில்லை. கீழ்க்கோர்ட்டு அனுப்பிய கட்டைப் படித்தே முடிவு செய்தார்கள். மரண தண்டனைகள் ஃபவுஜ்தாரி அதாலத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தன. செஷன்ஸ் கோர்ட்டு விதிக்கும் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும் என்ற இன்றைய விதிக்கும் இதுவே முன்மாதிரி.

1861ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வழிகளையும் ஒன்றாக்கியது. 1862 ஆகஸ்ட் 15இல் உயர் நீதிமன்றம் திறந்தது. ஆனால் பழைய பிளவு ஒரே கூரைக்குள் தொடர்ந்தது. நகரத்து வழக்குகளுக்கு ஒரிஜினல் சைடு, ஜில்லா அப்பீல்களுக்கு அப்பலேட் சைடு.

அதற்கும் மேலே லண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. சொத்தின் மதிப்பு பத்தாயிரம் ரூபாயைத் தொட்டால் அங்கே போக வழி உண்டு. அந்த வழியில் அதிகம் நடந்தவர்கள் ஜமீன்தார்கள். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லப தேவர் 1829இல் ஆண் வாரிசின்றி இறந்தார். கூட்டுக் குடும்பச் சொத்து என்று சொல்லி அண்ணன் மகன் ஜமீனை எடுத்துக்கொண்டார். இது கம்பெனி தேவருக்குத் தனியாகக் கொடுத்தது, சுயார்ஜிதம், ஆகவே மனைவிக்கும் மகளுக்குமே சேரும் என்பது எதிர்வாதம். வழக்கு தலைமுறை தாண்டியது. 1863இல் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வென்றவர்கள் கையில் மிஞ்சியது என்னவோ, இந்து வாரிசுச் சட்டம் படிப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நிரந்தரச் சொத்தாயிற்று.

கிரிமினல் பக்கம் இவ்வளவு தாராளம் இல்லை. ஜில்லாவில் தண்டனை பெற்றவருக்கு அப்பீல் உண்டு. 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு விதித்த நாற்பதாண்டுத் தண்டனை உயர் நீதிமன்றத்தில் பெரிதும் குறைந்தது. சென்னை நகரத்தில், உயர் நீதிமன்றமே ஜூரர்களை வைத்து விசாரித்த செஷன்ஸ் வழக்கில், சாட்சியம் சரியா தவறா என்று அப்பீலில் கேட்கவே வழியில்லை. சட்டப் பிரச்சினைக்கு மட்டும் சிறு இடுக்கு இருந்தது. பத்தாயிரம் ரூபாய்ச் சொத்துக்கு லண்டன் வரை கதவு திறந்திருந்தபோது உயிருக்கு இந்த நிலை! 1943இல் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 411ஏ பிரிவு சேர்ந்த பிறகே இது மாறியது.

அந்தப் பிரிவின் பெரிய சோதனை லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரர்கள் சொல்ல, ஆயுள் தண்டனை விழுந்தது. உயர் நீதிமன்றத்தில் அப்பீல் தள்ளுபடியானது. பிரிவி கவுன்சில் தானே விடுதலை செய்யவில்லை. மீண்டும் விசாரிக்கச் சொல்லி அப்பீலைச் சென்னைக்கே திருப்பியது. 1947இல் புதிய அமர்வு சாட்சியங்களை அலசி இருவரையும் விடுவித்தது.

1949இல் லண்டன் வழி மூடப்பட்டது. 1950 ஜனவரி முதல் உச்ச நீதிமன்றம் அந்த இடத்துக்கு வந்தது. தென்மாவட்ட அப்பீல்கள் சென்னைக்கு வரவேண்டிய நிலை, 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததும் முடிவுக்கு வந்தது.