தொழுவமும் மருத்துவமனையும்

ஐதராபாத் நகரின் தார்நாகாப் பகுதியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. தமிழகத்திற்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, 1969இல் இப்பெயரைப் பெற்றது. அதற்கு அண்மையில் உள்ள லாலாப்பேட்டையில் விஜயா பால்பண்ணை பல்லாண்டுகளாகப் பாலைச் சூடேற்றிப் பதப்படுத்தி நகருக்கு அளித்து வந்தது. பாலில் என்ன சத்து உள்ளது என்று ஆராய்வது ஓர் இடம். அதில் உள்ள கிருமியைக் கொல்வது மற்றோர் இடம். பாலுக்கு இவ்விரு காவலும் வேண்டியிருப்பதன் காரணங்களுள் ஒன்றே நாம் இன்று கருதும் புரூசெல்லா நோய்.

சினைப்பசு ஐந்து மாதத்திற்குப் பின் கன்றை வீசிவிடுமாயின், நம் உழவர் அதனைக் கன்று வீச்சு நோய் என்பர். அப்பசுவின் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் பாலிலும் கிருமி மிகுந்திருக்கும். அதே கிருமி மனிதனைப் பற்றும்போது விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும், இரவு வியர்வையாகவும், தீராத மூட்டுவலியாகவும் உருமாறுகிறது. மலேரியா என்றும் டைபாய்டு என்றும் மயங்கி மருத்துவம் செய்து, மாதக்கணக்கில் உழைப்பை இழந்தவர் பலர். தொழுவத்தில் நேர்ந்த இழப்பும் வீட்டில் கிடக்கும் நோயாளியும் ஒரே கிருமியின் வேலை என்பதை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

மத்தியதரைக் கடலின் மால்டாத் தீவில் ஆங்கிலப் படைவீரர் பலர் ஒருவகைக் காய்ச்சலால் வாடினர். 1887இல் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர், அதனால் இறந்தோரின் மண்ணீரலில் அந்நோயின் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். கிருமி தெரிந்தது, அது வரும் வழி தெரியவில்லை. காற்றையும் கழிவுநீரையும் பலர் ஐயுற்றனர். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின், 1905இல், மால்டா நாட்டு மருத்துவரான தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நோயின் சாயல் சிறிதும் இல்லாத ஆடுகளிடத்தே கிருமியின் அடையாளம் இருந்தது. நாள்தோறும் வீட்டு வாயிலில் நின்று பால் தந்த ஆடே நோயின் இருப்பிடமாக இருந்தது! அவ்வாண்டே மால்டாவிலிருந்து அமெரிக்காவிற்கு ஆடுகளை ஏற்றிச் சென்ற ஜோஷுவா நிக்கல்சன் என்னும் கப்பலில், அவற்றின் பாலைப் பருகிய மாலுமிகள் நோயுற்றனர். 1906இல் படைவீரர்க்கு ஆட்டுப்பாலைத் தடை செய்தபின் அவர்களிடையே நோய் விரைவில் தணிந்தது. தொடர்ந்து அப்பாலைப் பருகிய ஊர்மக்களிடையேயோ அது நீங்கவில்லை.

இதற்கிடையே 1897இல் டென்மார்க்கின் பெர்ன்ஹார்டு பாங், பசுக்களின் கருச்சிதைவுக்குரிய கிருமியைக் கண்டிருந்தார். அவர் கால்நடை அறிஞர். புரூஸ் மனித மருத்துவர். இருவர் கண்டவையும் நெருங்கிய உறவுடையவை என்று 1918இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கப் பெண்மணி ஆலிஸ் எவான்ஸ். அறிஞருலகம் அவர் கூற்றை எளிதில் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அந்நோயே அவரைப் பற்றி நெடுங்காலம் வருத்தியது. இரு துறைகளுக்கிடையே நின்ற சுவரே காலத்தாழ்வுக்குப் பெருங்காரணம் என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

நம் நாட்டில் பாலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் பெருங்காவலாக இருந்து வருகிறது. ஆயினும் கன்று ஈனும்போது வெறுங்கையால் உதவும் உழவரையும், கால்நடை மருத்துவரையும், இறைச்சிக்கூடத் தொழிலாளரையும் அவ்வழக்கம் காப்பதில்லை. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள பெண் கன்றுகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி போட வழிசெய்தது. ஐதராபாத்திலேயே உள்ள தேசிய விலங்கு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் இக்கிருமியை ஆராய்ந்து வருகிறது.

இனி ஆராய்ச்சி எவ்வரிசையில் நடத்தல் வேண்டும்? முதலாவது, கணக்கு. பசு கன்று வீசிய வீட்டில் மக்களையும், காரணம் தெரியாக் காய்ச்சலுள்ள வீட்டில் தொழுவத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, சோதனை. எஸ் 19 என்னும் பழைய தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள், மெய்யான நோயின் அடையாளம் போன்றே தோன்றி மயக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் எளிய, மலிவான சோதனை ஊர்தோறும் தேவை. மூன்றாவது, தடுப்பூசி. இப்போதுள்ளது உயிருள்ள கிருமியால் ஆனது; போடுபவர் கையில் ஊசி தவறிக் குத்தினால் அவருக்கே நோய் தரக்கூடியது. அதனினும் தீங்கற்ற ஒன்று வேண்டும். இவை கைகூடும் வரை, கையுறை அணிதலும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தலும் நம்மால் இயன்றவையே.

நோயுற்ற பசுவை அறியாது சந்தையில் விற்றால், நோய் ஊர் மாறுகிறது, ஒழிவதில்லை. மால்டாவில் பதினெட்டு ஆண்டுகள் வீணானது ஆட்டைப் பாராததால். நாம் அப்பிழையை மீண்டும் செய்யலாகாது. காய்ச்சலோடு வரும் உழவரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று: "உங்கள் மாடு நலமா?"