தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பாடு அல்ல: மலையகக் குழந்தையின் முதல் 2 வருடங்கள்

இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில் தோட்டப்புறங்களுக்கான அளவு 31.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று பிள்ளைகளில் ஒருவர். கண்டி நகரைச் சுற்றியுள்ள ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை தோட்டங்களின் லயன்களில் வளரும் பிள்ளைகளும் இந்தத் ‘தோட்டப்புறம்’ என்ற சொல்லுக்குள் அடங்குகிறார்கள்.

இந்த உயரக் குறைவின் பெரும்பகுதி கருவில் இருக்கும் காலத்திலிருந்து 2 வயது நிறையும் வரைக்குள் ஏற்பட்டுவிடுகிறது. பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அதை முழுமையாக ஈடுசெய்வது கடினம். குறைந்த சம்பளமும் நெருக்கடியான லயன் அறையும் சுத்தமான தண்ணீர் இல்லாமையும் இதற்கு அடிப்படைக் காரணங்கள். அவற்றுக்கு அரசும் தோட்ட நிர்வாகங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. ஆகவே கையில் இருப்பதைக் கொண்டு வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் 6 மாதம்: 12 வாரமும் 26 வாரமும்

முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. இதைப் பெரும்பாலான தாய்மார் அறிவார்கள். சிக்கல் அறிவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சட்டப்படியான மகப்பேற்று விடுமுறை 12 வாரம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் 26 வாரம். நடுவில் வரும் வாரங்களில்தான் பால்மாப் பேணி வீட்டுக்குள் வருகிறது.

அதற்கு முன் இரண்டு விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளத் தாய்க்கு வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது யாரும் காட்டும் சலுகை அல்ல, உரிமை. இரண்டாவது, தாய்ப்பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி மூடி வைத்தால், குளிர்ந்த அறையில் 4 மணித்தியாலம் வரை கெடாது. அதைப் போத்தலில் கொடுக்காமல், கொதிநீரில் கழுவிய சிறு கோப்பையாலும் கரண்டியாலும் அம்மாயியோ அப்பாயியோ ஊட்டலாம். போத்தலின் சூப்பியைச் சுத்தமாக வைத்திருப்பது கடினம். வயிற்றோட்டம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

6 மாதம் முடிந்ததும்: தண்ணியாகக் கரைக்காதீர்கள்

குழந்தையின் வயிறு சிறியது. தண்ணியான கஞ்சி அந்த வயிற்றை நிரப்பும், ஆனால் வளர்க்காது. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத பதமே சரியான பதம். 2 அல்லது 3 மேசைக்கரண்டியில் தொடங்கி, 8 மாதமாகும்போது 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதியளவுக்கு வரலாம். ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை வரை. 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2–3 தடவை, 9 மாதத்திலிருந்து 3–4 தடவை. இடையில் பசித்தால் ஒரு பழம். தாய்ப்பால் 2 வயது வரையும் அதற்குப் பிறகும் தொடரலாம்.

என்ன கொடுப்பது? இதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. குடும்பத்துக்குச் சமைக்கும்போது உப்பும் மிளகாய்த்தூளும் போடுவதற்கு முன் பிள்ளையின் பங்கை எடுத்து மசித்தால் போதும். சோற்றோடு மைசூர் பருப்பு, பூசணி, கரட், போஞ்சி, முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன். மீன் வாங்க முடியாத நாட்களில் நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பை நீக்கி, வறுத்துப் பொடியாக்கி ஒரு சிட்டிகை சேர்க்கலாம். வாரத்தில் ஒரு தடவை கோழி ஈரல். மேலே அரைக் கரண்டி தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய். ஆனைக்கொய்யா என்கிற பட்டர் புரூட், வாழைப்பழம், பப்பாளி எல்லாம் கண்டிப் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை. கடைகளில் பெட்டியில் விற்கும் குழந்தை உணவு இவற்றைவிடச் சிறந்தது என்று எண்ண வேண்டாம்.

கோதுமை மா ரொட்டி வயிற்றை நிரப்பும். ஆனால் பருப்போ முட்டையோ கீரையோ இல்லாத வெறும் ரொட்டியில் பிள்ளை வளராது.

நாம் பறிக்கும் கொழுந்தும் நம் பிள்ளையின் இரத்தமும்

மலையக வீடுகளில் பிள்ளை அழுதால் முதலில் நீளுவது பல நேரங்களில் தேத்தண்ணிக் கோப்பைதான். அதில் தோய்த்த பிஸ்கட் அடுத்தது. அன்பினால் கொடுப்பதுதான். ஆனால் தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள், பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. 6 மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு மிக அவசரமாகத் தேவைப்படும் சத்து இரும்புதான். அது குறைந்தால் இரத்தச்சோகை வரும். பிள்ளை சோர்ந்துபோகும், மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

ஆகவே சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம். பால் கலந்ததும் வேண்டாம். தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர். சாப்பாட்டோடு கொய்யா, தோடம்பழம், நெல்லி, எலுமிச்சை ஏதாவது கொஞ்சம் சேர்ந்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடலில் சேரும். ஒரு வயதுக்குப் பின் பால்மாவும் அளவோடுதான். நாள் முழுக்கப் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் பசி இருக்காது.

வாயைத் திறக்காத பிள்ளை

பசியை அறிந்த வீடுகளில் தட்டில் மிச்சம் விடுவது பெரும் பாவம். 1977லும் 1983லும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்களுக்கும், 2009இல் ஒரு வாய்க் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்களுக்கும் அந்த உணர்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உணர்வுதான் இன்று பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிக்க வைக்கிறது. கைபேசியில் கார்ட்டூன் காட்டி, அது பார்க்காத நேரத்தில் ஊட்ட வைக்கிறது. அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் திணிக்கப்பட்ட பிள்ளை உணவை விரும்பப் பழகுவதில்லை. தன் வயிறு நிறைந்ததை உணரும் ஆற்றலையும் மெல்ல இழக்கிறது.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் தொடங்கி ஓர் ஆய்வு நடத்தினார். பால்மறந்த 15 குழந்தைகளின் முன் தானியம், காய்கறி, பழம், இறைச்சி, பால் என 34 வகை உணவுகளை வைத்து, யாரும் வற்புறுத்தாமல் அவர்கள் விரும்பியதை விரும்பிய அளவு உண்ண விட்டார். பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த 34 வகைக்குள் சீனியும் இனிப்புப் பண்டமும் இல்லை. தெரிவு பிள்ளையுடையது, எதிலிருந்து தெரிவு செய்வது என்பது பெரியவர்களுடையது.

வீட்டுக்கும் இதுவே விதி. என்ன உணவு, எந்த நேரம், எங்கே என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். தலையைத் திருப்பினால் நிறுத்துங்கள். அடுத்த வேளைக்கு முன் பிஸ்கட்டால் ஈடுகட்டாதீர்கள். புதிய காய்கறியை ஒரு தடவை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். ஒரு சுவை பழக 8, 10 தடவைகள்கூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி போதும், எதுவும் வீணாகாது. எட்டு மாதப் பிள்ளை கையால் எடுத்துப் பிசைந்து இறைக்கும், அதுவும் பழகுதல்தான். முடிந்த வேளையில் பெரியவர்களோடு சேர்ந்து உட்காரட்டும். தகப்பன் கீரையை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது. நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தைக்கு ஆபத்தானவை. ஒரு வயது வரை உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம். கச்சான், கடலை, முறுக்கு, முழுத் திராட்சை தொண்டையில் அடைக்கக்கூடியவை. ரம்புட்டான் காலத்தில் இன்னும் கூடுதலாகக் கவனியுங்கள்: வழுக்கும் சதையும் பெரிய விதையும் சின்னப் பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடும். பிள்ளை சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊட்டுபவர் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். கொழுந்து பறித்துவிட்டு வந்த கைக்கு இது இன்னும் முக்கியம்.

கிளினிக் கொப்பியும் திரிபோஷவும்

மாதாந்தம் நிறுக்கும்போது எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கொப்பியிலுள்ள கோடு எந்தப் பக்கம் போகிறது என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். கோடு மேலே ஏறினால் சரி. சமமாகப் படுத்தாலோ இறங்கினாலோ, பிள்ளை பார்க்கப் புஷ்டியாக இருந்தாலும், காரணம் தேட வேண்டும். விளக்கம் புரியாவிட்டால் தமிழில் சொல்லும்படி கேட்கத் தயங்க வேண்டாம்.

எடை குறைந்த பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் திரிபோஷ 1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் முக்கிய சேர்மானங்கள். மாதம் இரண்டு 750 கிராம் பக்கெட், அதாவது நாளுக்கு 50 கிராம், ஒரு பிள்ளைக்கு. வீட்டில் எல்லோரும் பகிர்ந்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு கரண்டிதான். அண்ணன் அக்கா கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான். அவர்களுக்கு அவித்த பயறோ கௌபியோ கொடுத்து, பக்கெட்டைச் சின்னவருக்கு ஒதுக்குங்கள்.

இந்த ஒழுங்கு தாய் ஒருவரால் ஆகக்கூடியதல்ல. காலையில் அவர் மலைக்குப் போன பின் பிள்ளைக்கு ஊட்டுவது அம்மாயி, அல்லது பிள்ளைக்காம்பராவில் இருப்பவர். தேத்தண்ணி வேண்டாம், திணிக்க வேண்டாம், கெட்டியாகக் கொடுங்கள் என்ற மூன்றையும் அவர்களோடும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்காம்பராவில் என்ன கொடுக்கிறார்கள் என்று பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். முட்டையும் பருப்பும் இல்லையென்றால் தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பளத்தோடு இதையும் பேசலாம். மூன்றில் ஒரு பிள்ளை குட்டையாக வளர்வது நம் பரம்பரையின் உடல்வாகு அல்ல. அது மாற்றக்கூடியது, மாற்றுவதற்கான காலம் அந்த முதல் 2 வருடங்கள்.