குதிரைக்கு இட்ட வெல்லம்

போர்ட் பிளேரில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் குதிரை என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்துச் சித்திரமாகவும் கோயில் வாகனமாகவுமே அறிமுகமாகிறது. சந்தை வீதியில் சாணமும் கொள்ளும் மணக்க ஜட்கா வண்டிகள் நின்ற காலத்தைத் தஞ்சாவூரிலோ மதுரையிலோ கண்ட பெரியவர்கள் சொல்லித்தான் அவர்கள் கேள்விப்பட வேண்டும். இருந்தும், குதிரைக்கு இனிப்பு ஊட்டுவது அதற்குக் கேடா என்ற கேள்வியை இந்தத் தீவுகளிலிருந்து எழுப்புவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கீழைக் கடல்களில் பிரயாணம் செய்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, நக்கவாரம் என்னும் நிக்கோபாரையும் அந்தமானையும் பற்றிச் சில பக்கங்கள் சொல்லி, ஈழத்தைக் கடந்து, அதன்பின் பாண்டிய நாட்டுக் கரையை வர்ணிக்கும்போதுதான், கடல் தாண்டி வந்த குதிரைகள் தமிழர் லாயங்களில் தின்ற உணவைப் பற்றி வியப்பும் வருத்தமும் கலந்து எழுதினார்.

அந்நாளில் தாமிரபரணியின் முகத்துவாரத்திலிருந்த காயல் துறை, குதிரை வர்த்தகத்தால் உலகறிந்த துறையாக விளங்கிற்று. ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஏடன் ஆகிய துறைமுகங்களிலிருந்து அரபுக் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்புவதாகப் பாண்டியனோடு ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், கப்பலில் வழியிலேயே இறந்துபோன குதிரைக்குங்கூட அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து அவ்விலை கொடுக்கப்பட்டது என்றும் பாரசீகச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே அமர்ந்திருந்தார். இறந்த குதிரைக்கும் உயிருள்ள குதிரையின் விலையைத் தர ஒப்பிய அரசன் எவ்வளவு ஆசையோடு அப்பிராணிகளை வரவேற்றிருப்பான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்பே, சோழர் கல்வெட்டுகளில், மலைமண்டலமாகிய கேரளத்திலிருந்து வந்த குதிரைச் செட்டிகள் கோயில்களுக்குத் தானம் வழங்கிய செய்திகள் காணப்படுகின்றன. ஆகவே இந்த ஆசை ஓர் அரசனோடு தொடங்கியதுமன்று, முடிந்ததுமன்று.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரை என்ன ஆயிற்று? மன்னர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. வேகவைத்த இறைச்சியைச் சோற்றோடு கலந்து ஊட்டுவதும், வைத்தியமும் லாடமும் அறிந்தவர்கள் இந்நாட்டில் இல்லாததும், அப்படிப்பட்டவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே அழைத்து வராததும் அவர் கூறும் காரணங்கள். வஸ்ஸாஃபின் சித்திரம் இன்னும் நுட்பமானது. வந்திறங்கிய குதிரைக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யில் பிசைந்த தானியமும் கொடுக்கிறார்கள். குடிப்பதற்குக் காய்ச்சிய பசுவின் பால். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையிலும் கயிற்றிலும் கட்டி வைக்கிறார்கள். பிறகு பழக்காமலே, அங்கவடியும் இல்லாமல், வெறிபிடித்தவர்போல் ஏறி ஓட்டுகிறார்கள். காற்றாய்ப் பறந்த குதிரை சில நாளில் கால் தள்ளாடும் கழுதையாகிவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

பாலும் நெய்யும்! நம் வீட்டில் மகள் பிள்ளை பெற்று வந்தால் எதைக் கொடுப்போமோ அதையே அந்தக் குதிரைக்காரர்கள் குதிரைக்குக் கொடுத்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. நாவுக்கு இனிமையாகத் தமக்குத் தெரிந்தவற்றில் சிறந்ததைத் தந்துவிட்டு, அந்தப் பிராணியின் வயிற்றை மட்டும் விசாரிக்காமல் விட்டார்கள் என்பதே உண்மை. அயல்நாட்டார் சொன்ன குற்றங்கள் யாவற்றையும் அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. வறுத்த, வேகவைத்த தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே எளிதில் ஜீரணமாகும் என்று இன்றைய கால்நடை சாஸ்திரம் சொல்லுவதால், அந்த ஒரு விஷயத்தில் வஸ்ஸாஃபின் குறைகூறல் செல்லாது. அவர் போகிற போக்கில் சொல்லிப்போன மற்றொன்றில்தான் கேட்டின் வேர் இருக்கிறது. அது அந்த நாற்பது நாள் கட்டு.

கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தில், 1909-இல் மைசூரில் சாம சாஸ்திரியார் பதிப்பித்த பிறகு உலகம் படிக்கத் தொடங்கிய அந்நூலில், குதிரைகளின் அத்தியட்சகனுக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. உத்தமமான குதிரை ஒன்றுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு நெய் அல்லது எண்ணெய், எவ்வளவு உப்பு என்று அளந்து எழுதிய அந்தப் பட்டியலில் இறைச்சியும் இருக்கிறது. உணவுக்குச் சுவையூட்ட ஐந்து பலம் சர்க்கரை வகையும் இருக்கிறது. ஐந்து பலம் என்பது இன்றைய கணக்கில் 200 கிராமை ஒட்டிவரும். குடிப்பதற்கு ஒரு பிரஸ்தம் கள் வகை, அல்லது அதைப்போல் இருமடங்கு பால். நெடுவழி வந்தோ சுமை இழுத்தோ களைத்த குதிரைக்கு இந்தப் பானம் தனியே உண்டு. ஆகவே இனிப்பைக் குதிரைக்கு விலக்கியவர்கள் அல்லர் நம் முன்னோர். அதை நிறுத்து அளந்தார்கள், உழைப்போடு சேர்த்து அளந்தார்கள். காயல் துறையின் லாயத்தில் அந்தத் தராசு காணாமற்போயிற்று.

குதிரையின் தேகம் எப்படி அமைந்தது என்பதைச் சிறிது பார்த்தால் இந்தத் தராசின் அருமை விளங்கும். அதன் இரைப்பை அதன் உருவத்துக்குச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர்வரைதான் கொள்ளும். உண்டது ஒவ்வாவிட்டால் வாந்தியெடுக்கவும் அதற்கு இயலாது. புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்கும் வேலை, பின்னால் பெருங்குடலிலும் அதன் முகப்பிலுள்ள பெரிய பையிலும் வாழும் நுண்ணுயிர்களுடையது. மாவும் சர்க்கரையும் சிறுகுடலின் சக்திக்கு மிஞ்சிப் பெருகி அங்கே போய் விழுந்தால், அந்நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, புளிப்பு ஏறி, நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் தொடங்கிய இந்தத் துன்பம் வந்து முடிகிற இடம் குளம்பு. குளம்பின் கடினமான சுவருக்கும் உள்ளேயுள்ள எலும்புக்கும் நடுவில், புத்தகத்தின் ஏடுகளைப்போல் 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்து நின்று அந்தப் பெரிய உடலைத் தாங்குகின்றன. அவை அழற்சி கொண்டு பிரியத் தொடங்கினால் குளம்பு தொட்டால் சுடும். கணுக்காலில் நாடி விரலை உதைக்கும். குதிரை முன்னங்கால்களை வெகுதூரம் நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் சாய்த்து, நிற்கவும் முடியாமல் நடக்கவும் மனமில்லாமல் நிற்கும். உழைப்பின்றிக் கொழுத்த குதிரையின் ரத்தத்தில் இன்சுலின் மிகுவதாலும் இந்நோய் வருகிறது என்று பிற்கால ஆராய்ச்சி கண்டிருக்கிறது. நாற்பது நாள் கட்டி நெய்யூட்டிய குதிரை ஏன் கால் விழுந்தது என்பதற்கு இவையும் காரணமாயிருக்கக்கூடும் என்று நான் கருதுகிறேன். தென்பாண்டிக் கடற்கரையின் வெப்பமும், புல் பற்றாக்குறையும், லாடக்காரன் இன்மையும் அதனோடு கூடியிருக்கும்.

அப்படியானால் உள்ளங்கையில் வைத்து நீட்டும் ஒரு துண்டு வெல்லம் நஞ்சா? இல்லை என்றே சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு எட்டுப் பத்துக் கிலோ உலர்ந்த புல் தின்னும் குதிரைக்கு, அந்தப் புல்லிலேயே பத்தில் ஒரு பங்கை ஒட்டிச் சர்க்கரை இருக்கக்கூடும். அதற்கு நாலு கிராம் சர்க்கரைக் கட்டி ஒரு பொருட்டன்று. ஏற்கெனவே குளம்பு நோய் கண்ட குதிரைக்கும், பிடரி தடித்துக் கொழுத்த குதிரைக்கும், கிழக்குதிரைக்கும்தான் அந்தத் துண்டும் ஆகாது. விரலை மடக்காமல் கையைத் தட்டையாக விரித்து நீட்டினால், மீசை முள் குத்தும் அந்த மேலுதடு வெதுவெதுப்பாக உள்ளங்கையைத் துழாவி வெல்லத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு உப்புக்காக வெறுங்கையையும் ஒருமுறை நக்கிப் பார்க்கும். அந்தச் சுகத்தைக் கண்டவன் அடுத்த துண்டை எடுக்காமல் இருப்பது கடினம். கேடு புகுவதும் அந்த அடுத்த துண்டில்தான்.

இந்தத் தீவுகளில் குதிரையின் ஸ்தானத்தை வகித்தது யானை. 1883-இல் வன இலாகா ஏற்பட்டு, சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலையும் எழுந்த பிறகு, படாக் மரத்தின் பிரம்மாண்டமான அடித்தண்டுகளைக் காட்டிலிருந்து கடற்கரைக்கு இழுத்துவர, கடல் கடந்து கொணர்ந்த யானைகளே உதவின. பகல் முழுதும் சங்கிலி இழுத்த யானைக்கு மாலையில் கவளத்தோடு வெல்லமும் உப்பும் சேர்த்து ஊட்டுவது பாகர்கள் எங்கும் கைக்கொண்ட வழக்கம். முதுமலை முகாமிலும் ராகிக் களி, கொள்ளு ஆகியவற்றோடு வெல்லம் சேர்ந்தே கவளம் உருளுகிறது. அந்த வெல்லம் உழைத்த தசையில் எரிந்துபோயிற்று. 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் தீவுகளில் மரம் வெட்டுவது சுருங்கவே, சங்கிலி கழன்ற யானைகளுக்கு வேலையும் போயிற்று. ஹேவ்லாக் கடலில் நீந்திப் புகழ் பெற்ற ராஜன் என்ற யானை 2016-இல் மறைந்தது. வேலையற்ற பிராணிக்கு வேலைக்காலத்து இனிப்பையே தொடர்ந்து கொடுப்பது அன்பாகாது என்பதை, உற்சவக் கூட்டம் நீட்டும் பழமும் சர்க்கரைப் பொங்கலும் தின்று உடல் பருத்து நிற்கும் கோயில் யானைகளைப் பார்த்து நாம் அறிந்திருக்கிறோம். ராஸ் தீவில் இடிந்த மாதா கோயிலின் நிழலில், பிஸ்கட்டை எதிர்பார்த்து மனிதரின் கையை முகர்ந்து நிற்கும் புள்ளிமான்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் காயல் லாயம் நினைவுக்கு வருகிறது.

மத்திய அந்தமானுக்கு மேற்கே இன்டர்வியூ தீவு என்று ஒன்று உண்டு. மரம் வெட்ட யானைகளைக் கொண்டுவந்த தனியார் நிறுவனம் ஒன்று 1962-இல் நொடித்துப்போனபோது, நாற்பதை ஒட்டிய யானைகள் அங்கே காட்டில் விடப்பட்டன. முதல் சில மாலைகளில் அவை பழகிய நேரத்துக்குக் கரைப்பக்கம் வந்து, பாகனின் குரலையும் கவளத்தையும் எதிர்பார்த்து நின்றிருக்கும் என்று என் மனம் எண்ணிக்கொள்கிறது. பிறகு அவை பிரம்பையும் தாழையையும் மரப்பட்டையையும் தின்னக் கற்றுக்கொண்டன. அந்தக் காட்டில் அவற்றுக்குப் பிறந்த கன்றுகள் வெல்லத்தின் ருசியை அறியாமலே வளர்ந்தன.